ஆன்லைன் வகுப்புக்கு டேப் கேட்கிறது பள்ளி: இலவச இடத்தில் படிக்கும் மகளுக்காக டெல்லியிலிருந்து ஒரு தாயின் கடிதம்

வழக்கறிஞர் பதில்

இந்த வாரக் கடிதம் தென்கிழக்கு டெல்லியில் வசிக்கும் ஒரு தமிழ்த் தாயிடமிருந்து வந்திருக்கிறது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

பூர்வீகம் கள்ளக்குறிச்சிப் பக்கம். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார், இவர் மூன்று வீடுகளில் வேலை செய்கிறார். மகள் ஒரு பெரிய தனியார் பள்ளியில் 7ஆம் வகுப்பு. நர்சரியிலேயே குலுக்கலில் இ.டபிள்யூ.எஸ். இடம், அதாவது பொருளாதாரத்தில் நலிந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கான இலவச இடம் கிடைத்துச் சேர்ந்தவள். மகன் மாநகராட்சிப் பள்ளியில் 2ஆம் வகுப்பு. குளிர்காலப் புகைமூட்டத்தில் பள்ளி ஆன்லைனுக்கு மாறியதும் சிக்கல் தொடங்கியது. வீட்டில் இரண்டு போன். கணவருடையது சவாரிக்கு வேண்டும். இவருடையது இவரோடு வேலைக்குப் போய்விடும். அதனால் மகளையும் கூட அழைத்துப்போய், வேலை செய்யும் வீட்டின் மாடிப்படியில் உட்காரவைத்து, அந்த வீட்டு வைஃபையில் வகுப்பைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். கேமராவை ஆன் செய்யச் சொல்லி ஆசிரியர் அதட்டியிருக்கிறார். பின்னால் படிக்கட்டும் துடைப்பமும் தெரியும் என்பதால் மகள் மறுத்திருக்கிறாள். அந்த நாட்களுக்கெல்லாம் ஆப்சென்ட். இப்போது டேப் வாங்கித் தரச் சொல்கிறது பள்ளி. கூடவே டிஜிட்டல் கட்டணம் என்று 1,500 ரூபாய் கேட்கிறது. "கருவி இல்லாமல் வகுப்பு தவறினால் பள்ளி பொறுப்பல்ல" என்று ஒரு தாளில் கையெழுத்தும் கேட்கிறது.

வேலை செய்யும் வீட்டு மேடம் பழைய டேப் ஒன்றைத் தருவதாகச் சொல்கிறார். கடைக்காரர் ஒருவர் பில் இல்லாத பழைய போனை 4,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். கோர்ட் எல்லா இ.டபிள்யூ.எஸ். பிள்ளைகளுக்கும் லேப்டாப் தரச் சொல்லிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. கணவரோ, "டி.சி. வாங்கி ஊருக்கு அனுப்பிவிடலாம்" என்கிறார். இலவச இடத்தில் இருந்துகொண்டு புகார் சொன்னால் பிள்ளையை வெளியே அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் கடிதம் முழுக்க இருக்கிறது.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் பயத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். அது இருக்கும்வரை நான் சொல்லும் மற்ற எதையும் உங்களால் செய்ய முடியாது.

உங்கள் மகள் உட்கார்ந்திருக்கும் இடம் பள்ளி இரக்கப்பட்டுத் தந்ததில்லை. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவு, தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் குறைந்தது 25 சதவீத இடங்களை நலிந்த, பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தந்து, 8ஆம் வகுப்பு முடியும்வரை இலவசமாகப் படிக்கவைக்க வேண்டும் என்கிறது. அந்தச் செலவை ஒரு வரம்புக்கு உட்பட்டு அரசு பள்ளிக்குத் திருப்பித் தருகிறது. அரசிடம் சலுகை விலையில் நிலம் வாங்கிய பள்ளிகள் இந்தக் கடமைக்கு ஏற்கெனவே கட்டுப்பட்டவை என்பதால், அந்த அளவுக்கு அவற்றுக்குப் பணமும் கிடையாது. டெல்லியில் பெரிய பள்ளிகள் பல அப்படிப்பட்ட நிலத்தில்தான் நிற்கின்றன.

தொடக்கக் கல்வி, அதாவது 8ஆம் வகுப்பு, முடியும்வரை ஒரு பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. 2019இல் வந்த திருத்தம், 5ஆம் வகுப்பிலும் 8ஆம் வகுப்பிலும் தேர்வில் தவறினால் மட்டும் அதே வகுப்பில் நிறுத்திவைக்க இடம் கொடுத்தது. அதுவும் மறுதேர்வு வைத்த பிறகுதான். ஆகவே ஆன்லைனில் ஆப்சென்ட் ஆனதைக் காட்டி 7ஆம் வகுப்பில் இருக்கும் உங்கள் மகளை நீக்கவும் முடியாது, நிறுத்திவைக்கவும் முடியாது. ஆனால் அடுத்த வருஷம் அவள் 8ஆம் வகுப்பு. இந்தக் குளிர்காலத்தில் விட்ட கணக்கும் அறிவியலும் அங்கே வந்து நிற்கும். அவசரப்பட வேண்டியது அதற்காகத்தான்.

கோர்ட் லேப்டாப் தரச் சொன்னதா?

பாதி உண்மை. கொரோனா காலத்தில் ஜஸ்டிஸ் ஃபார் ஆல் என்ற அமைப்பு போட்ட வழக்கில், டெல்லி உயர் நீதிமன்றம் 2020 செப்டம்பர் 18 அன்று ஒரு முக்கியமான தீர்ப்பைத் தந்தது. நேரலை ஆன்லைன் வகுப்பு நடத்துவது என்று ஒரு பள்ளி முடிவு செய்தால், இ.டபிள்யூ.எஸ். பிள்ளைகளும் அதில் சேரும்படி கருவியையும் இணைய வசதியையும் இலவசமாகத் தர வேண்டும், தனியார் பள்ளிகள் அந்தச் செலவை அரசிடம் கேட்டுப் பெறலாம் என்பது அதன் சாரம். கேந்திரிய வித்யாலயா போன்ற அரசுப் பள்ளிகளுக்கும் இதே கடமையை அது வைத்தது. கருவி இல்லாததால் ஒரே வகுப்புப் பிள்ளைகளில் சிலர் மட்டும் ஒதுக்கப்படுவதை அந்தத் தீர்ப்பு மிகக் கடுமையான சொற்களில் கண்டித்தது.

நீங்கள் பார்த்த வாட்ஸ்அப் செய்தி இதோடு நின்றுவிடுகிறது. டெல்லி அரசு மேல்முறையீடு செய்ய, உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் அந்தத் தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. அதே ஆண்டு அக்டோபரில் வழக்கு மறுபடி வந்தபோது, வசதியில்லாத பிள்ளைகள் படிப்பையே விட்டுவிடும் ஆபத்தை எடுத்துச் சொல்லி, டெல்லி அரசு ஒரு திட்டம் வகுக்க வேண்டும், மத்திய அரசுக்கும் இதில் பொறுப்பு உண்டு என்றது. எனவே 2020 தீர்ப்பின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு "லேப்டாப் கொடுங்கள்" என்று மட்டும் கேட்டு நின்றால், பள்ளியின் வக்கீல் தடை உத்தரவைக் காட்டி ஒரே வரியில் உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

அப்படியானால் எதைப் பிடித்துக்கொள்வது? வகுப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பேன். கருவி தருவது யார் பொறுப்பு என்பதில்தான் வழக்கு. இந்தப் பிள்ளைகளைப் பாகுபடுத்தக் கூடாது என்ற சட்டத்துக்கு எந்தத் தடையும் இல்லை. 25 சதவீதத்தில் சேர்ந்த பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து உட்காரவைக்கக் கூடாது, வேறு நேரத்தில் வகுப்பு வைக்கக் கூடாது, பாடநூல், சீருடை, நூலகம், கணினி வசதி எதிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2010ஆம் ஆண்டின் மத்திய விதிகளே சொல்கின்றன. படிப்பைத் தடுக்கக்கூடிய எந்தக் கட்டணத்தையும் செலவையும் பிள்ளை மேல் சுமத்தக் கூடாது என்பது சட்டத்தின் 3ஆம் பிரிவு. அந்த 1,500 ரூபாயை இந்தப் பிரிவைச் சொல்லித்தான் மறுக்க வேண்டும். ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

புகைமூட்ட நாட்களில் பள்ளிக்குப் போகலாமா?

ஆன்லைன் என்று செய்தி வந்தால் பள்ளி பூட்டியிருக்கும் என்றே நீங்கள் எடுத்துக்கொண்டதாகத் தெரிகிறது. எப்போதும் அப்படி இல்லை. 2024 நவம்பரில் காற்று மிக மோசமாகி டெல்லியில் பள்ளிகளெல்லாம் ஆன்லைனுக்குப் போனபோது, பல பிள்ளைகளுக்கு ஆன்லைன் வசதி இல்லை, மதிய உணவும் போய்விட்டது, வீட்டுக் காற்றும் ஒன்றும் சுத்தமில்லை என்பதையெல்லாம் உச்ச நீதிமன்றம் கவனித்து, மறுபரிசீலனை செய்யும்படி காற்றுத் தர மேலாண்மை ஆணையத்திடம் சொன்னது. அதன் பிறகு ஆணையம் ஹைபிரிட் முறையைக் கொண்டுவந்தது. அதாவது பள்ளியில் நேரடி வகுப்பும் நடக்கும், ஆன்லைனும் இருக்கும். ஆன்லைனைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மாணவருக்கும் பெற்றோருக்கும்தான் என்று அந்த ஆணையில் தெளிவாக எழுதியிருந்தது.

ஆணை ஒவ்வொரு தடவையும் மாறும். சின்ன வகுப்புகளுக்கு ஒரு மாதிரி, பெரிய வகுப்புகளுக்கு வேறு மாதிரி இருக்கும். சில நாட்களில் முழுக்க ஆன்லைன்தான் என்றும் வரும். அதனால் பள்ளி அனுப்பும் லிங்கை மட்டும் பார்க்காமல், கல்வி இயக்ககத்தின் அன்றைய சுற்றறிக்கையில் 'ஹைபிரிட்' என்று இருக்கிறதா என்று மகளைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். இருந்தால், அவளைப் பள்ளிக்கே அனுப்புவது உங்கள் உரிமை. வேன் வராது என்றால் அதையும் பள்ளியிடம் எழுத்தில் கேளுங்கள்.

காற்று கெட்டிருக்கும்போது பிள்ளையை வெளியே அனுப்புவதா என்று தயங்குவீர்கள். நியாயம்தான். ஜன்னல் சரியாக மூடாத வீட்டிலோ, வேறொருவர் வீட்டு மாடிப்படியிலோ அவள் சுவாசிப்பதும் அதே காற்றுதான். அவளுக்கு இழுப்பு, ஆஸ்துமா இல்லையென்றால், நல்ல மாஸ்க் போட்டுப் பள்ளிக்கு அனுப்புவதையே நான் தேர்ந்தெடுப்பேன். இழுப்பு இருந்தால் கதை வேறு. அரசு மருத்துவமனையில் ஒரு சீட்டு வாங்குங்கள். வீட்டில் இருந்தே படிக்க வேண்டும் என்று மருத்துவர் எழுதித் தந்தால், கருவி கேட்கும் உங்கள் கோரிக்கைக்கு அது பெரிய பலம்.

பள்ளிக்குத் தர வேண்டிய கடிதம்

வாயால் கேட்டது போதும். இனி எழுத்தில்தான். முதல்வர் பெயருக்கு ஒரு பக்கக் கடிதம். இந்தியிலோ ஆங்கிலத்திலோ மகளே எழுதலாம், கையெழுத்து உங்களுடையது. விஷயம் இதுதான்:

"என் மகள் 7ஆம் வகுப்பு, கல்வி உரிமைச் சட்டம் 12(1)(சி) பிரிவில் சேர்ந்தவள். வகுப்பு நேரத்தில் பயன்படுத்த எங்கள் வீட்டில் போனோ டேபோ இல்லை. ஆன்லைன் வகுப்பு நாட்களில் அவள் பள்ளிக்கு வந்து வகுப்பில் உட்கார அனுமதிக்க வேண்டும். பள்ளி மூடியிருந்தால் அந்த நாட்களுக்கு ஒரு கருவியும் இணைய இணைப்பும் தர வேண்டும். தவறிய பாடங்களை அச்சுத் தாளாகத் தர வேண்டும். கருவி இல்லாத நாட்களுக்குப் போட்ட ஆப்சென்டைத் திருத்த வேண்டும். கேமராவை ஆன் செய்யச் சொல்லி அவளைக் கட்டாயப்படுத்த வேண்டாம்."

கடைசி வரியைச் சிறிய விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் கடிதத்திலேயே என்னை அதிகம் தொட்டது அந்த இடம்தான். பதின்மூன்று வயதுப் பெண், நாற்பது சகமாணவர்கள் பார்க்கத் தன் அம்மா வேலை செய்யும் வீட்டுப் படிக்கட்டைக் காட்ட மறுத்ததில் ஒழுங்கீனம் ஒன்றும் இல்லை. அவளை அதட்டியது தவறு. மனரீதியாகப் பிள்ளையைத் துன்புறுத்துவதைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. இதை வைத்து ஆசிரியர் மீது இப்போதே வழக்குக்குப் போகச் சொல்லவில்லை, போகவும் வேண்டாம். பிள்ளை நாளைக்கும் அதே வகுப்பில்தான் உட்கார வேண்டும். ஆனால் நடந்தது எழுத்தில் பதிவாகட்டும். மகளிடமும், "நீ செய்ததில் தப்பு எதுவும் இல்லை" என்று ஒரு தடவை சொல்லிவிடுங்கள்.

கடிதத்தின் நகலில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வையுங்கள்.

அந்தப் பொறுப்பல்ல தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். சட்டம் பிள்ளைக்குத் தந்த உரிமையைப் பெற்றோர் எழுதிக் கொடுத்துவிட முடியாது என்றாலும், பின்னால் அந்தத் தாளைக் காட்டி, "அவர்களே ஒப்புக்கொண்டார்கள்" என்று சொல்வார்கள். மறுக்கவே முடியாத நிலை வந்தால், "கருவி வேண்டும் என்று பள்ளியிடம் கேட்டிருக்கிறேன், இன்னும் தரவில்லை" என்று மேலே எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டு, தாளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மேடம் தரும் டேப், கடைக்காரரின் போன்

மேடம் தரும் டேப்பை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு வேலையை முதலில் முடியுங்கள். "இந்த டேப்பை உங்கள் மகள் படிப்புக்காக நான் தந்தேன்" என்று ஒரு வரி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். டேப்பின் மாடல், தேதி இருந்தால் இன்னும் நல்லது. அந்த மேடத்தை நான் சந்தேகப்படவில்லை. நாளைக்கு அந்த வீட்டில் வேறு ஏதாவது காணாமல்போனால், போலீஸ் முதலில் வந்து பார்ப்பது வேலைக்காரம்மா வீட்டைத்தான். அங்கே முதலாளி வீட்டு டேப் இருந்தால், யார் தந்தது என்று நிரூபிக்க வேண்டிய பாரம் நடைமுறையில் உங்கள் தலையில் விழும். அந்த ஒரு வரிச் செய்தி அப்போது உங்களைக் காப்பாற்றும். கேட்கக் கூச்சமாக இருந்தால், பள்ளியில் காட்ட வேண்டியிருக்கிறது என்று சொல்லிக் கேளுங்கள். அப்புறம், அவருடைய கூகுள் கணக்கை அவரே நீக்கிவிட்டுத் தரச் சொல்லுங்கள். நீக்காமல் ரீசெட் செய்தால் டேப் பூட்டிக்கொள்ளும்.

பில் இல்லாத போன் வேண்டாம். திருட்டுப் போன் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவில் குற்றம். பழைய போன் வாங்கத்தான் வேண்டும் என்றால், முதலில் *#06# என்று அழுத்துங்கள். 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் திரையில் வரும். கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, பிறகு அந்த எண் என்று 14422க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். முடக்கப்பட்டது, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று பதில் வந்தால் அந்தப் போனைத் தொடாதீர்கள். சுத்தமாக இருந்தாலும் பில் வாங்குங்கள்.

இ.எம்.ஐ. போட்டுப் புதிது வாங்குவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பள்ளிக்கு எழுதி, பதிலுக்குக் கொஞ்ச நாள் காத்திருந்து பார்க்காமல் கடன் வாங்காதீர்கள். ஒரு தவணை தவறினாலே போனை முடக்கிவிடும் கடன் நிறுவனங்கள் இருக்கின்றன. தேர்வு வாரத்தில் அப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்?

தமிழ்நாட்டில் அக்கா பிள்ளைக்கு இலவச லேப்டாப் கிடைத்ததே, நமக்கும் கிடைக்குமா என்ற கேள்விக்கு: கிடைக்காது. 2011இல் தொடங்கிய அந்தத் திட்டம் தமிழ்நாட்டு அரசு, அரசு உதவி பெறும் நிறுவனங்களில் படிப்பவர்களுக்கானது. இடைக்கால உதவியாக, டிடி ஃப்ரீ டிஷ் இருந்தால் மாதக் கட்டணம் இல்லாமல் பி.எம். இ-வித்யா சேனல்கள் வரும். வகுப்புவாரியாகப் பாடம் ஓடும். விட்ட பாடத்தைப் பிடிக்க அது உதவும். பள்ளி வகுப்புக்குப் பதிலாக அதைக் காட்டிப் பள்ளி தப்பிக்க விடாதீர்கள்.

பள்ளி பதில் சொல்லாவிட்டால்

இரண்டு வாரம் பாருங்கள். பதில் இல்லை என்றால், அதே கடிதத்தின் நகலோடு உங்கள் பகுதியின் துணைக் கல்வி இயக்குநர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி, புகாரை மூன்று மாதத்துக்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் மேல்முறையீடு டெல்லி குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு. 2023 நடுவிலிருந்து அந்த ஆணையத்தின் பதவிகள் நீண்ட காலம் காலியாகவே கிடந்தன. ஆகவே அந்த ஒரு கதவை மட்டும் நம்பாதீர்கள்.

நான் அதிகம் நம்புவது இலவச சட்ட உதவியை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் தர வேண்டும் என்கிறது 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம். உங்கள் மாவட்டத்துக்கான சட்டப் பணிகள் ஆணையம் சாகேத் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. டெல்லியின் உதவி எண் 1516, தேசிய எண் 15100. சட்டப் பணிகள் ஆணையத்திலிருந்து ஒரு கடிதம் போனாலே பல பள்ளிகள் இறங்கிவருவதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மகளின் பெயரில் பள்ளி அரசிடம் பணம் பெற்றிருக்கிறதா, பள்ளி எந்த நிபந்தனையில் நிலம் பெற்றது என்பதையும் தெரிந்துகொள்ளலாம். பள்ளியிடம் கேட்க வேண்டாம். கல்வி இயக்ககத்துக்கு 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை விண்ணப்பம் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், 8ஆம் வகுப்புக்குப் பிறகு என்ன ஆகும் என்ற கேள்வி அடுத்த வருஷமே உங்களுக்கு வரும். கல்வி உரிமைச் சட்டம் 8ஆம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அரசு நிலத்தில் நிற்கும் பள்ளி என்றால் அதன் பிறகும் இலவசமாகத் தொடரக் கேட்பதற்கு அந்த நில நிபந்தனைதான் ஆதாரம்.

மகனைப் பற்றி ஒரு வார்த்தை. அவன் படிப்பது அரசின் சொந்தப் பள்ளி, அதனால் அங்கே யார் பொறுப்பு என்ற கேள்வியே இல்லை. ஆன்லைன் நாட்களுக்கான பயிற்சித் தாள்களை வாரம் ஒருமுறை ஆசிரியரிடம் நேரில் வாங்கிக்கொள்ளுங்கள். 2ஆம் வகுப்புப் பிள்ளைக்கு திரையைவிட அது நல்லது.

டி.சி. வாங்கி ஊருக்கு அனுப்பலாமா?

உங்கள் கணவரின் களைப்பு புரிகிறது. ஆனாலும் இப்போது வேண்டாம். இந்த இடத்தை விட்டால் அதே இடம் திரும்பக் கிடைக்காது. சட்டம் தரும் பள்ளி மாற்ற உரிமை அரசுப் பள்ளிக்கும் உதவி பெறும் பள்ளிக்கும்தான். இன்னொரு தனியார் பள்ளியில் இலவச இடம் கேட்க அதை வைத்து முடியாது. ஊர் அரசுப் பள்ளி தரக்குறைவு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இதுவரை தமிழ் எழுதப் படிக்கப் பழகாத பிள்ளை, 7ஆம் வகுப்பு நடுவில், அம்மா அப்பாவை விட்டுவிட்டுப் பாட்டி வீட்டில் போய் அதைத் தொடங்குவது பெரிய சுமை. நன்றாக யோசித்து, அவளிடமும் கேட்டுவிட்டு, அடுத்த கல்வியாண்டு தொடங்கும்போது அப்படி முடிவெடுத்தால் அது வேறு. டேப் இல்லை என்பதற்காக எடுக்கிற முடிவாக அது இருக்க வேண்டாம். பள்ளி வற்புறுத்தினாலும் டி.சி. கேட்டு நீங்களோ கணவரோ எழுதித் தராதீர்கள்.

சாகேத் போகும் நாளில் இருவருமாகப் போங்கள். மகளின் சேர்க்கைக் கடிதம், பள்ளி அடையாள அட்டை, வருமானச் சான்று அல்லது சாதிச் சான்று, ஆப்சென்ட் போட்ட ஆப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், டேப் வாங்கச் சொல்லி வந்த செய்தி, கட்டணம் கேட்ட சீட்டு, பள்ளி முத்திரையிட்ட கடித நகல் இவை எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாதீர்கள். கணவரின் போனுக்கும் ஒரு தடவை அனுப்பிவையுங்கள்.